மலை இறங்கப் பழகுதல்

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு மேடு என்றால் கத்திப்பாரா மேம்பாலம். அதைவிட உயரம் வேண்டுமென்றால் பரங்கிமலைப் படிக்கட்டு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடத் தயாராக முடியாது. சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் மல்நாட் அல்ட்ராவில் ஓட ஆசைப்பட்டுவிட்டு, தினமும் கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் வேண்டுமானால் தேறும், தொடை தேறாது. மலை தேட வேண்டியதாயிற்று. ஏற்காடுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் விடுமுறை நாட்களில் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடுகிறவன் இழுப்பது பாதி காற்று, பாதி புகை. தருமபுரிக்காரரான நண்பர் ஒருவர், “ஏற்காட்ட விடுங்க. வத்தல்மலை ஒரு நாள், மறுநாளே சித்தேரி. அப்புறம் கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்றார். பொங்கல் கழிந்த வாரம், குளிர் இன்னும் விட்டபாடில்லை. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

42.195 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அது அல்ட்ரா மாரத்தான். வழக்கமான தூரங்கள் 50, 80, 100 கி.மீ.; பித்து முற்றியவர்களுக்கு 100 மைல். பழையதும் புகழ்பெற்றதுமான அல்ட்ரா தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921இல் தொடங்கியது. அந்த ஆண்டு கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறக்குறைய 90 கி.மீ. (1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கென்று நம் ஆட்கள் கப்பலேறிப் போன நேட்டால் மண்தான் அது.) ஓராண்டு கடற்கரையிலிருந்து மேலே, அடுத்த ஆண்டு மேலேயிருந்து கடற்கரைக்கு என்று திசை மாறுவது வழக்கம். கேள்விப்படுகிறவர்கள் இறங்குகிற ஆண்டு சுலபம் என்று நினைப்பார்கள். ஓடிப் பார்த்தவர்களோ இறக்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் தொடை விட்டுப்போனால் அன்றைக்கு அது திரும்பி வராது. நான் தருமபுரிக்குப் போனதும் முக்கியமாக இறங்கிப் பார்க்கத்தான்.

சிற்றூர்களில் நடக்கும் மலையோட்டங்களுக்கு இன்னொரு குணம் உண்டு. பெருநகர மாரத்தானில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், வழியெல்லாம் கைதட்டல், விழுந்தால் தூக்க ஆள். சிற்றூர் ஓட்டத்தில் நூறு இருநூறு பேர் விடிவதற்குள் பள்ளி மைதானத்தில் கூடுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஆளாளுக்குச் சிதறிவிடுவார்கள். அடுத்த தண்ணீர் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. ஆம்புலன்ஸ் இருக்கும், ஆனால் அது நிற்கிற இடத்துக்கும் உங்கள் கணுக்கால் பிசகுகிற இடத்துக்கும் நடுவே ஒரு மலை இருக்கும். ஆகவே அந்த ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பது என்றால் தனியாக இருக்கப் பயிற்சி எடுப்பதும் சேர்ந்ததுதான். முதுகுப்பையில் தண்ணீர், மழை தாங்கும் மெல்லிய மேலாடை, நெற்றி விளக்கு, விசில், சார்ஜ் ஏற்றிய போன், கொஞ்சம் பணம். இவற்றைச் சுமந்துகொண்டு ஓடினால் வேகம் குறையும், தோள் உரசும். அதை ஓட்டத்தன்று கண்டுபிடிப்பதைவிட முன்னாடியே கண்டுபிடிப்பது நல்லது.

வத்தல்மலை தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேலே பெரியூர், சின்னாங்காடு, நாயக்கனூர், பால்சிலம்பு, மண்ணாங்குழி என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். சாமை, ராகி, காபி, மிளகு. தார்ச் சாலை வருவதற்கு முன் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். பஸ் ஓடத் தொடங்கியதெல்லாம் அண்மைக்காலக் கதை. அடிவாரத்தில் ஆட்டோவைவிட்டு இறங்கியபோது வெளிச்சம் முழுதாக வரவில்லை. ஆட்டோ ஓட்டிவந்த அண்ணன், “கொஞ்சம் பொறுத்துப் போங்க சார். கரடி இன்னும் வீட்டுக்குப் போயிருக்காது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அடிவாரத்து டீக்கடையில் இன்னொரு டீ குடிக்கச் சொன்னார், குடித்தேன். காட்டோரம் ஓடுகிறவர்கள் விடியற்காலையையும் அந்தியையும் விலங்குகளுக்கு விட்டுவிட வேண்டும். நகரத்து ஓட்டக்காரர்களுக்கு நாலரை மணிக்குக் கிளம்புவதுதான் ஒழுக்கம். இங்கே அது ஒழுக்கக்கேடு.

ஏற்றத்தில் நான் ஓடவே இல்லை என்று சொன்னால் ஓடாத நண்பர்கள் ஏமாந்துபோகிறார்கள். அல்ட்ராவில் முன்வரிசைக்காரர்கள் நீங்கலாக எல்லோரும் ஏற்றத்தில் நடப்பவர்கள்தான். செங்குத்தில் ஓட்டத்துக்கும் வேக நடைக்கும் நேரத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம், இதயத்துக்கு ஆகும் செலவு அதிகம். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே கணக்கு. கையைத் தொடையில் ஊன்றி, குனியாமல், சிறு அடியாக வைத்து ஏறினால் எத்தனை வளைவு வந்தாலும் போகலாம். வளைவுகளில் மட்டும் கவனம் வேண்டும். சாலையில் எதிர்வண்டியைப் பார்த்து வலப்பக்கமாக ஓடுவதுதான் விதி. ஆனால் குருட்டு வளைவின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு போனால் ஹாரன் அடிக்காமல் இறங்கிவரும் பைக்குக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். அங்கே வெளிப்புறத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். கரடியைவிட இந்த பைக்குகள்தான் எனக்குப் பயம்.

சாலையைவிட்டுப் பிரியும் ஒற்றையடிப் பாதைகள் கண்ணை இழுக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டங்களைத் தாண்டி அவை புதருக்குள் மறையும் அழகே தனி. ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்துக்குப் போகும் பாதைகளில் கேட்டுக்கொண்டு போகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. ஓடுகிறவர்களில் சிலர் இதை மலையேறுகிறவர்களுக்கான சட்டம், நமக்கில்லை என்று நினைக்கிறார்கள். தீக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தை, மாசி தாண்டினால் இந்த மலைகளிலும் புல் காய்ந்துவிடும்.

மேலே, பெரியூர் தாண்டி, ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். தலையில் துண்டு, தோளில் தூக்குவாளி, காலில் டயர்ச் செருப்பு. நின்று ஏற இறங்கப் பார்த்தார்.

“யார் ஊட்டுக்குப் போறீங்க சாமி?”

“யார் வீட்டுக்கும் இல்லீங்க ஐயா. சும்மா ஓடிட்டு இறங்கிடுவேன்.”

“சும்மாவா?” என்றவர் அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. “எந்தப் பக்கம் எறங்குவீங்க? எத்தினி மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். வந்த வழியே, பதினொரு மணிக்குள் என்றேன். கிழக்கே கையைக் காட்டி, “அந்தாண்ட போகாதீங்க. மஞ்சு எறங்குச்சுன்னா தடம் தெரியாது. எங்காளுங்களே மாட்டிக்குவாங்க” என்றார். ஓட்டம் நடத்துகிறவர்கள் முந்தின நாள் மாலை ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் பாதுகாப்பு விளக்கம் அரை மணி நேரம் நீளும். இவர் கேட்ட இரண்டு கேள்விகளிலும் காட்டிய ஒரு திசையிலும் அதன் சாரம் வந்துவிட்டது. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், எங்கே போகக் கூடாது.

இப்படிப்பட்ட ஒருவரால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரை மலைகளில் 100 கி.மீ. ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். மதியத்துக்குள் வானிலை புரண்டது. ஆலங்கட்டி மழை, உறையவைக்கும் காற்று. பெரும்பாலானோர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் போட்டிருந்தார்கள். காற்றுத் தடுப்பு மேலாடை கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. உடல் வெப்பம் வடிந்து 21 பேர் இறந்தார்கள். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கெமிங் குளிருக்கு ஒரு குகையில் ஒதுங்கியிருந்தவர், தடுமாறி வந்தவர்களை உள்ளே கொண்டுபோய் நெருப்பு மூட்டிப் போர்த்தி, ஆறு பேரைக் காப்பாற்றினார். தருமபுரியில் அப்படிக் குளிராது என்று சொல்லிவிடலாம். ஆனால் வியர்வையில் நனைந்த உடம்புக்கு மூவாயிரம் அடி உயரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் 18 டிகிரியே போதும், நடுக்கம் எடுத்துவிடும். முதுகுப்பையில் இருநூறு கிராம் மேலாடைக்கு இடமில்லை என்பவர்களோடு எனக்கு வாதாட மனமில்லை. ஓட்டம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: பாதை வரைபடத்தில் உயரமும் தூரமும் போடுகிறீர்கள், அந்தப் பாதையில் யார் ஆடு மேய்க்கிறார் என்று கேட்டு வைத்திருக்கிறீர்களா?

பிறகு இறக்கம். இதற்காகத்தானே வந்தது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே சுருங்க வேண்டியிருக்கிறது. உடல் எடையைத் தாங்கி, விழாமல் பிரேக் போடுவது அதுதான். பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்று பெரிதாகத் தெரியாது, இரண்டாம் நாள் படி இறங்கும்போது தெரியும். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒருமுறை நன்றாக அடிவாங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்துவிடும். உடலியங்கியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம் இது. ஆகவே ஓட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கத்தை ஓடிவிட்டால் அது தடுப்பூசி மாதிரி வேலை செய்யும். ஓட்டத்துக்கு முந்தின வாரம் செய்தால் அது தற்கொலை.

வத்தல்மலை இறக்கத்தில் முதலில் கெட்ட பழக்கங்கள்தான் வந்தன. உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை நீட்டி ஊன்றி, ஒவ்வோர் அடியையும் அடித்து அடித்து இறங்கினேன். முழங்காலுக்கு அதைவிட மோசமானது கிடையாது. நாலைந்து வளைவுக்குப் பிறகு அடியைக் குறுக்கினேன். நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளைக் கூட்டி, இடுப்பைக் காலுக்கு மேலேயே வைத்து, கைகளை அகல விரித்து, பார்வையைக் கால் நுனியிலிருந்து எடுத்து ஐந்தாறு தப்படி முன்னால் வைத்தபோது சத்தம் குறைந்தது. காலணி தரையில் எழுப்பும் சத்தமே நல்ல வாத்தியார். ‘தப் தப்’ என்று கேட்டால் தவறு. விரல் நகம் வெட்டாமல் வந்தவர்களுக்கு இந்த இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். காலணி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதன் அர்த்தமும் இங்கேதான் புரியும்.

அடிவாரத்தில் இன்னொரு பாடம் காத்திருந்தது. அறுத்த கொள்ளுச் செடியைத் தார்ச் சாலை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கியே காய் உதிர்ந்துவிடும்; களம் தேட வேண்டாம், மாடு கட்ட வேண்டாம். காய்ந்த தாளுக்கு அடியில் உதிர்ந்த கொள்ளு குண்டுமணி குண்டுமணியாக உருண்டு கிடக்கிறது. அதன்மேல் களைத்த கால் ஒரு தடவை வழுக்கியதில் தொடையின் பின்பக்கம் வெடுக்கென்றது. ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, “ஓரமா வா கண்ணு, உளுந்து தொலைக்காத” என்றார். எந்த மலையோட்டக் கையேட்டிலும் கொள்ளுக்கு ஒரு அத்தியாயம் கிடையாது.

அங்கிருந்த பெட்டிக்கடையில் பாட்டிலை நிரப்பப் போனேன். வாசலில் ஒரு குழாய், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கைக்கெட்டியதைத் திறக்கப்போனபோது கடைக்கார அக்கா உள்ளேயிருந்து, “அது போர் தண்ணி தம்பி. பாத்திரம் கழுவறதுக்கு. குடிக்கிறதுக்கு ஒகேனக்கல் தண்ணி அந்தாண்ட இருக்குது” என்றார். தருமபுரியில் தண்ணீருக்கு இப்படி இரண்டு சாதி உண்டு, காரணமும் உண்டு. இந்த மாவட்டத்தின் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்துப் பல் பழுப்பேறியவர்கள், எலும்பும் மூட்டும் இறுகிக் குனிய முடியாமல் போனவர்கள் இங்கே தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஓட்டக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் வடிகட்டி பாட்டில்கள் கிருமியை நிறுத்தும், கரைந்த ஃபுளோரைடை நிறுத்தாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். ஒரு நாள் குடிப்பதால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் எந்தக் குழாயில் பிடிக்க வேண்டும் என்பது அந்த அக்காவுக்குத் தெரிந்த அளவு எந்தக் கைபேசிச் செயலிக்கும் தெரியாது.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பதைச் சொன்னால் நம்புவதில்லை. தாகம் எடுக்காமலே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கலாம். 2002இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது என்று 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மெதுவாக ஓடி நெடுநேரம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கே இது அதிகம். குடிக்க அவகாசம் இருக்கிறதல்லவா. தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது இதன் அறிகுறிகள். தாகத்துக்குக் குடிப்பதுதான் பாதுகாப்பு. உப்பு போட்ட மோர் நல்லது, ஆனால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடாது. அதேபோல முழங்கால் வலிக்குமென்று காலையிலேயே இபுப்ரோஃபென் விழுங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். நீர் வற்றிய உடம்பில், சிதைந்த தசைக்கழிவையும் வடிகட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை கூடுதல் சுமை. சிறுநீர் கடுங்காபி நிறத்துக்கு வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மெடலைப் பற்றி யோசிக்கக் கூடாது.

மதியம் ஒகேனக்கல்லுக்கு பஸ்ஸில் போனேன். ஓடிப் போக நினைத்தவர்கள் உண்டு. பென்னாகரம் தாண்டி காட்டுக்குள் இறங்கும் சாலை படத்தில் பார்க்க அத்தனை ஆசையாக இருக்கும். இது யானைக் காடு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக 2022இல் அறிவித்தார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வளைவில் திரும்பும் மனிதனுக்கும் சாலை கடக்க நிற்கும் குட்டிபோட்ட யானைக்கும் நடுவே பேச்சுவார்த்தைக்கு நேரம் இருக்காது. பஸ் ஜன்னலே உத்தமம். இதே கணக்கில் தொப்பூர் கணவாய்ச் சாலையையும் ஓட்டக்காரர்கள் மறந்துவிட வேண்டும். அங்கே யானை இல்லை, பிரேக் பிடிக்காத லாரிகள் உண்டு.

மறுநாள் சித்தேரி ஏற அரூர். அல்ட்ராவுக்கு வாராவாரம் ஒரே நாளில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடிப் பழக வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரு நாட்களில் நடுத்தரமாக ஓடி, இரண்டாம் நாள் களைத்த காலோடு கிளம்பக் கற்றுக்கொள்வதே பயிற்சி. முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பு எப்படிப் பேசும் என்று அதில் தெரிந்துவிடும். காலையில் அரூர்க் கடையில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தது. ஓடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு என்றால் களி சாப்பிடலாம். உடனே ஓடினால் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். வழிக்குக் கடலைமிட்டாய், வாழைப்பழம், உப்பும் புளியும் சேர்த்துப் பிசைந்த சோற்று உருண்டை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும் என்பது பொதுக் கணக்கு. பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு ஜெல்தான் வேண்டுமென்பதில்லை. ஆனால் எதைத் தின்றாலும் ஓடிக்கொண்டே தின்று வயிற்றைப் பழக்கியிருக்க வேண்டும்.

சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பளபளப்பான பனியனும் கைக்கடிகாரமும் கேமராவுமாக இந்த அடிவாரங்களில் திடீரென்று முளைக்கும் வெளியாள் எப்படித் தெரிவான் என்று ஓடுகிறவர்கள் யோசிப்பதில்லை. மரங்களில் கலர் ரிப்பன் கட்டிப் பாதை குறிக்கும் ஏற்பாட்டாளர்களும் யோசிப்பதில்லை. அனுமதிக் கடிதம் வனத்துறையிடம் வாங்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஊரிடம் கேட்பது தனி வேலை. அதை முதலில் செய்ய வேண்டும். நான் சித்தேரி அடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கடையில் உட்கார்ந்து, யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகே கால் எடுத்தேன். கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஏற்றம் நேற்றைப் போலத்தான். முதல் மூன்று கிலோமீட்டர் தொடை முனகியது, அப்புறம் வாயை மூடிக்கொண்டது. புளியமரங்கள், வரப்பில் ஆமணக்கு, அடுத்த திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். சாலையோரச் சருகில் கால் வைக்கும்போது மட்டும் பார்வை தானாகத் தாழ்ந்தது. கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, ஓடக் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிக்னல் எந்தெந்தத் திருப்பத்தில் கிடைக்கிறது என்று ஏறும்போதே பார்த்து வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் வெயில் உறைத்தது. வெயிலில் ஓடுகிறவன் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அது களைப்பு இல்லை, வெப்பவாதம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிற வேண்டும். குளிர்விப்பது முதலில், கொண்டுபோவது அப்புறம்.

மேலே ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் புளி மூட்டை சுமந்து அரூர்ச் சந்தைக்கு நடந்தே போய்த் திரும்பிய கதையைச் சொன்னார். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் ‘இவரல்லவா நிஜமான அல்ட்ரா வீரர்’ என்று உருகிவிடுவது வழக்கம். பெரியவர் இரண்டு முழங்காலையும் தடவிக் காட்டி, “பஸ்ஸு அன்னிக்கே வந்திருந்தா இது மிஞ்சியிருக்கும்” என்றார். உருகுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இறங்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தான். ரப்பர்ச் செருப்பு. சத்தமே எழவில்லை, நான் நேற்று நாலைந்து வளைவுகளில் தட்டுத்தடுமாறிப் பிடித்தது அவனுக்கு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. எதற்குப் பயிற்சி என்று கேட்டான். சொன்னேன்.

“உள்ள சேர எவ்ளோங்ணா?”

“மூவாயிரம் நாலாயிரம் ஆகும்.”

“ஜெயிச்சா?”

“முதல் மூணு பேருக்கு ஏதாவது கிடைக்கும். மத்தவங்களுக்கு ஒரு மெடல், ஒரு பனியன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் ஓடினான். “எங்க மலையில நடத்துனா நாங்களும் காசு குடுக்கணுமா?”

“நடத்துறவங்கதான் உங்களுக்குக் குடுக்கணும். வழி காட்ட, தண்ணி வெக்க, யாராவது காணாமப் போனாத் தேட ஆள் வேணுமே.”

“தேடறதுக்குத் தனியாவா, எல்லாம் சேத்தா?” என்று கேட்டுவிட்டு, என் போனை வாங்கித் தன் நம்பரை அதில் போட்டுக் கொடுத்தான். “யாராவது நடத்தறாங்கன்னா எனக்கு மொதல்ல சொல்லுங்க. எங்க பெரியப்பா கிட்டயும் பேசணும். மேக்காலத் தடம் அவருக்குத்தான் தெரியும், அவரு ஒருநாக் கூலிக்குக் கொறஞ்சு வரமாட்டாரு.”